பன்னிரண்டாவது வருடத்துக்கு ஒரு கார்

போன மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் காரின் ஏசி கம்ப்ரசர் நின்றுவிட்டது. அம்மாவை மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். சத்துவாச்சாரியிலிருந்து ஊருக்குள் போக இருபது நிமிடம்தான். அந்த இருபது நிமிடத்தில் எண்பது வயது உடம்பு எப்படித் துவண்டுபோகும் என்பது வேலூர் வெயிலைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். புது கம்ப்ரசர் வந்து சேர 23 நாள் ஆனது. கம்பெனி இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. 2012இல் நாங்கள் வாங்கிய அந்த மாடலைத்தான் ஐந்தே வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் எந்தச் சாமான் கேட்டாலும் எங்கோ வெளிமாநிலக் கிடங்கில் தேடி எடுத்து அனுப்ப வேண்டியதாகிவிட்டது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. 13 வருடத்தில் 1,58,000 கிலோமீட்டர் ஓடியும் எண்ணெய் குடிக்கவில்லை. பவர் விண்டோ சுவிட்ச், கதவுப் பூட்டு, கம்ப்ரசர் என்று எஞ்சினைச் சுற்றியிருந்தவைதான் ஒவ்வொன்றாக எங்களைக் கைவிட்டன.

அடுத்த காரையும் குறைந்தது பன்னிரண்டு வருடம் வைத்திருக்கப் போகிறோம். நான் காட்பாடியில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிறேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கார் மாற்றும் வசதி எங்களுக்கு இல்லை. ஆகவே ஷோரூமில் வண்டி எப்படிப் பளபளக்கிறது என்பதை விட, 2038இல் அதற்கு ஒரு சாமான் வேண்டுமென்றால் வேலூரில் எத்தனை நாளில் கிடைக்கும் என்ற கேள்வியை வைத்துக்கொண்டுதான் ஆறேழு மாதம் அலைந்தேன். 12 முதல் 17 லட்சம் வரை ஆன்ரோடு விலையில், இதே எண்ணத்தோடு தேடுபவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காக, நான் ஒப்பிட்டுப் பார்த்ததை எழுதுகிறேன்.

எங்கள் ஓட்டம் இப்படி: தினமும் பள்ளிக்குப் போய்வர 18 கிலோமீட்டர், கிரீன் சர்க்கிள் நெரிசலோடு சேர்த்து. மகள் பெங்களூரில் படிக்கிறாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்வர 420 கிலோமீட்டர். சென்னைக்கு வருடத்தில் நாலைந்து தடவை, ஒரு பக்கம் 140. திருவண்ணாமலை, ஆம்பூரில் மச்சான் வீடு, கோடையில் ஏலகிரி. எல்லாம் சேர்த்து வருடம் 12,000 கிலோமீட்டர். பன்னிரண்டு வருடத்துக்கு 1,44,000. நீங்களும் முதலில் இந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். எந்த எரிபொருள் என்ற சண்டையில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

பெட்ரோலா, டீசலா, ஹைப்ரிடா, மின்சாரமா

எளிய கணக்கு ஒன்று போட்டேன். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள்ளும் வெளியிலும் சராசரியாக லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் சாதாரண பெட்ரோல் கார், பன்னிரண்டு வருடத்தில் 9,600 லிட்டர் குடிக்கும். செலவு 9.6 லட்சம். பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும், லிட்டருக்கு 22 கொடுக்கும் ஸ்ட்ராங் ஹைப்ரிட் காருக்கு சுமார் 6.55 லட்சம். டீசல் 93 ரூபாய், 18 கிலோமீட்டர் என்றால் 7.44 லட்சம். மின்சார கார் ஒரு யூனிட்டில் 7 கிலோமீட்டர் ஓடி, வீட்டு மின்சாரம் மேல் அடுக்கில் யூனிட் 10 ரூபாய் ஆனால்கூட, சுமார் 2 லட்சம்தான். வருடங்கள் போகப் போக விலைகள் ஏறும். ஆனால் இடைவெளி எவ்வளவு என்பதைப் புரிந்துகொள்ள இது போதும்.

டீசலை முதலில் விட்டேன். எங்கள் பழைய கார் டீசல்தான், அதன் இழுவையை இன்றும் விரும்புகிறேன். ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அதில் சேரும் கரியை எரித்து வெளியேற்ற, வண்டி கொஞ்ச நேரம் சூடாக, சீரான வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓட வேண்டும். தினம் ஒன்பது கிலோமீட்டர் போய் நின்றுவிடும் என்னைப் போன்றவரின் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொண்டே இருக்கும். மாற்றுவதென்றால் பெரிய செலவு. பல டீசல் கார்களுக்குத் தனியாக, புகையைச் சுத்தப்படுத்தும் டீஇஎஃப் திரவமும் ஊற்ற வேண்டும். ராணிப்பேட்டையிலிருந்து தினமும் ஸ்ரீபெரும்புதூர் போய்வருகிறவருக்கு டீசல் இன்றும் நல்ல தேர்வுதான். ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு இல்லை.

ஹைப்ரிட் என்னை ரொம்ப நாள் இழுத்துப் பிடித்தது. டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா இரண்டிலும் ஒரே ஹைப்ரிட் அமைப்பு. பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. நெரிசலில் பாதி நேரம் எஞ்சினே ஓடாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டு வருடத்தில் மிச்சம் சுமார் 3 லட்சம். அதே வண்டியின் சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கை விட ஹைப்ரிட் விலை ஏறக்குறைய அதே 3 லட்சம் கூடுதல், அந்தக் கூடுதலுக்கும் சேர்த்து ஆயுள் வரி (வண்டிக்கு ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி). வருடம் 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஹைப்ரிட் வாங்கலாம். 12,000க்கு வரவும் செலவும் சரியாகப் போய்விடும். அப்புறம் டிக்கி. பேட்டரியை டிக்கிக்கு அடியில் வைத்திருப்பதால் ஹைரைடரில் 373 லிட்டராக இருக்கும் இடம் ஹைப்ரிட்டில் 265 லிட்டராகச் சுருங்கிவிடுகிறது. அம்மாவின் சக்கர நாற்காலியை மடித்து ஷோரூமுக்கே எடுத்துப் போய் வைத்துப் பார்த்தேன். நாற்காலி போனது, பக்கத்தில் ஒரு பெட்டிகூடப் போகவில்லை. பெங்களூர் போகும்போது மகளுக்குக் கொண்டுபோகும் அரிசிப் பையையும் ஊறுகாய் ஜாடியையும் யார் மடியில் வைப்பது?

மின்சார கார்தான் பணக் கணக்கில் ஜெயிக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், ஓட்டும் செலவோ பெட்ரோலில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. சொந்த வீடு, கார் நிறுத்தும் இடத்தில் ப்ளக், ஊருக்குள்ளேயே தினம் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டம் என்று இருப்பவர் இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை, போய் வாங்கலாம். நான் தயங்கியதற்குக் காரணம் அந்த 23 நாள். பேட்டரி வாரண்டி பல வண்டிகளில் 8 வருடம், 1,60,000 கிலோமீட்டர். நான் யோசிப்பது ஒன்பதாவது வருடத்திலிருந்து. அன்றைக்கு மோட்டாரை இயக்கும் கண்ட்ரோலர் பெட்டி போனால் கம்பெனிப் பட்டறையைத் தவிர வேலூரில் வேறு யாரும் திறந்து பார்க்க முடியாது. மின்சார வண்டிகளில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பேட்டரியும் மின்னணுவும் மாறிக்கொண்டே வருகின்றன. இன்று வாங்கும் மாடலின் உள்ளுறுப்புகள் 2036இல் கிடைக்குமா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த கார் நிச்சயம் மின்சாரமாகத்தான் இருக்கும். இந்த முறை மனம் துணியவில்லை.

ஆக, பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ரப்பர் குழாய்களும் சீல்களும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். புதுக் கார் வாங்குகிறவருக்கு அதைத் தாண்டிப் பெரிய கவலை வேண்டாம். பழைய கார் வைத்திருப்பவர்கள்தான் குழாய்களை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டேஷன் வாசலில் நிற்கும் வண்டிகள்

எங்கள் பழைய வண்டியைப் பத்து வருடமாகப் பார்த்துக்கொள்ளும் பாய், சர்வீஸ் ரோட்டில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போல அவரிடம் ஒரு பட்டியலை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "சார், காட்பாடி ஸ்டேஷன் வாசல்ல போய் ஒரு மணி நேரம் நில்லுங்க. டாக்ஸியா எது நிறைய நிக்குதோ, அதோட எஞ்சின் எந்த வண்டியில இருக்குன்னு பாருங்க. அத வாங்குங்க" என்றார்.

போய் நின்றேன். எர்டிகா, டிசையர், இன்னோவா. ஆஸ்பத்திரிக்கு வரும் வெளிமாநிலக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவில் ஓயாமல் ஓடும் வண்டிகள். எர்டிகாவில் இருக்கும் 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் (கே15 என்பார்கள்) 2018இலிருந்து சின்னச் சின்ன மாற்றங்களோடு ஓடுகிறது. 2022இலிருந்து அதன் புதிய வடிவம் எர்டிகா, பிரெஸ்ஸா, கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் என்று வரிசையாக வந்தது. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இல்லை. குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டிய ரப்பர் டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். சென்சாரோ வாட்டர் பம்போ எஞ்சின் மவுண்டோ, இந்த ஊரிலேயே கடையில் கிடைக்கும். பத்து வருடம் கழித்தும் கிடைக்கும், ஏனென்றால் அத்தனை டாக்ஸிகளும் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தப் பார்வையோடு மற்ற வண்டிகளையும் பார்த்தேன். ஒரு மாடல் எவ்வளவு விற்றிருக்கிறது, அதே எஞ்சின் எத்தனை வண்டிகளில் இருக்கிறது, கம்பெனி இங்கே நிலைக்குமா என்ற மூன்றும் முக்கியம். செவ்ரோலெட் 2017இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு, மறைமலைநகரில் பெரிய ஆலை வைத்திருந்தும், 2021 செப்டம்பரில் இங்கே கார் தயாரிப்பை விடுவதாக அறிவித்தது. சர்வீஸ் தொடர்ந்தாலும் விற்கப் போகும்போது விலை கேட்பவர் முகம் மாறுகிறது.

ஹூண்டாய் க்ரெட்டா இந்தச் சோதனையில் நன்றாகத் தேறுகிறது. 2015இலிருந்து விற்கிறது, நம்மிடமிருந்து ஒன்றரை இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் செய்கிறார்கள், 1.5 பெட்ரோலும் டர்போ இல்லாத நான்கு சிலிண்டர். 433 லிட்டர் டிக்கியில் நாற்காலியும் போகும் பெட்டியும் போகும். ஓட்டுவதற்கு இதமான வண்டி, பின் சீட்டில் அம்மா சாய்ந்து தூங்கிவிட்டார். இதன் முந்தைய வடிவம் 2022இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 3 நட்சத்திரம்தான் வாங்கியது. 2024இல் புதுப்பித்த வண்டியில் எல்லா வகையிலும் ஆறு ஏர்பேக் உண்டு. என்றாலும் அந்த மூன்று என் மனதில் உட்கார்ந்துகொண்டது.

ஹோண்டா எலிவேட் என் மனைவிக்குப் பிடித்த வண்டி. 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி, 458 லிட்டர் டிக்கி, 2020 சிட்டியில் வந்த அதே 1.5 எஞ்சின். ஓட்டியபோது எஞ்சினின் அமைதியைப் பார்த்து, இதுதான் என்று இரண்டு நாள் இருந்தேன். டொயோட்டாவுக்கு அடுத்து நீண்ட ஆயுளுக்குப் பெயர் வாங்கியவர்கள் இவர்கள். ஆனால் ஊரில் ஓடும் எண்ணிக்கை குறைவு. பம்பரும் விளக்கும் போல உடம்புச் சாமான்கள் வேண்டியபோது உடனே கைக்கு வருமா என்ற பழைய பயம் திரும்ப வந்தது. மேனுவல் கியர் போதும், வருடத்துக்கு இரண்டு முறை கம்பெனி சர்வீசுக்கு விட்டு எடுப்பேன் என்பவருக்கு எலிவேட்டை நான் தைரியமாகச் சொல்வேன்.

ஸ்கோடா குஷாக்கும் அதன் உடன்பிறப்பான ஃபோக்ஸ்வாகன் டைகுனும் 2022இல் குளோபல் என்கேப்பில் 5 நட்சத்திரம் வாங்கியவை. நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது தரையைக் கவ்விப் பிடிக்கும் அந்த உறுதி இந்த விலையில் வேறெதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. 1.0 டர்போ, மூன்று சிலிண்டர், டைமிங் பெல்ட். பாய் அதற்கான கருவிகள் தன்னிடம் இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டார். கம்பெனிப் பட்டறையை மட்டும் நம்பி பன்னிரண்டு வருடம் போவது என்னால் முடியாது, விட்டுவிட்டேன்.

டாடா நெக்ஸானைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 2018இல் குளோபல் என்கேப்பில் 5 நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியக் கார் அது. அதற்குப் பிறகுதான் நம் நாட்டில் சாதாரண ஆள் ஷோரூமில் நின்று "எத்தனை ஸ்டார்?" என்று கேட்க ஆரம்பித்தான். அந்த ஒரு காரியத்துக்காகவே டாடாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் அவர்களின் 9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டியபோது நம் பக்கத்துப் பையன்களுக்கு வேலை வரும் என்று சந்தோஷப்பட்டவன் நான். விலையிலும் நெக்ஸானுக்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. நெக்ஸான் கோட்டுக்கு உள்ளே. பிரெஸ்ஸா நீளத்தில் உள்ளே இருந்தும் 1.5 எஞ்சினால் வெளியே. அதோடு தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து, 5 முதல் 10 லட்சம் வரை ஆயுள் வரி 13 சதவீதம், 10 லட்சம் தாண்டினால் 20 லட்சம் வரை 18. 10 லட்சம் வண்டிக்கு 1,30,000, 11 லட்சம் வண்டிக்கு 1,98,000. அந்த ஒரு லட்சத்துக்காக அரசுக்குக் கூடுதலாக 68,000 கட்டுகிறோம். பத்துக்குள் முடித்துக்கொள்ள நினைப்பவர், பாதுகாப்பும் வேண்டும் என்றால், நடுத்தர வகை நெக்ஸான் மேனுவலைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. எனக்கு இடித்தது, ஏசியை இயக்குவதும் தொடுபலகை என்பது. பத்தாவது வருடத்தில் தொடுபலகை செத்துப்போனால் ஏசியும் அதோடு போகும். ஏசி இல்லாத மே மாதத்தை மறுபடி பார்க்க நான் தயாராக இல்லை.

கியர்

எனக்கு 52 வயது. இந்தக் காரைக் கொடுக்கும்போது 64, 65 இருக்கும். மூட்டு வலி எங்கள் குடும்பச் சொத்து. கிரீன் சர்க்கிளில் கிளட்ச் மிதித்து மிதித்து நிற்க அன்றைக்கு என்னால் முடியாது, அதனால் ஆட்டோமேட்டிக் என்று முடிவு செய்தேன். உங்களுக்கு வயது குறைவென்றால் மேனுவல் எடுங்கள். விலையும் குறைவு, பழுதும் குறைவு, கிளட்ச் தட்டு போனால் எந்தப் பட்டறையிலும் மாற்றுவார்கள்.

ஆட்டோமேட்டிக்கில் நான்கு வகை. ஏஎம்டி என்பது சாதாரண கியர் பெட்டிதான், கிளட்ச்சை நமக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது. மலிவு, ஆனால் ஏற்றத்தில் திணறும், கிளட்ச் சீக்கிரம் தேயும். இரட்டைக் கிளட்ச் கொண்ட டிசிடி ஓட்ட அருமை. ஆனால் எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் வகை, வெயிலில் ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் சூடாகும், பழுதானால் செலவு லட்சத்தில் போகக்கூடும். கியர் படிகளே இல்லாத சிவிடி வழவழப்பாக ஓடும். க்ரெட்டா 1.5 பெட்ரோலிலும் எலிவேட்டிலும் அதுதான். எண்ணெயைத் தவறாமல் மாற்றினால் நீண்ட நாள் வரும். ஆனால் உள்ளே பழுதானால் பெரும்பாலும் முழுப் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள். நாலாவது, எஞ்சினின் இழுவையை எண்ணெய் வழியாகக் கடத்தும், பல பத்தாண்டுகளாக உலகமெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் டார்க் கன்வெர்ட்டர். கொஞ்சம் பெட்ரோல் கூடக் குடிக்கும், கியர் மாறுவதில் அவசரம் காட்டாது. சூட்டையும் நெரிசலையும் பாரத்தையும் பொறுமையாகத் தாங்குவது அதுதான். பன்னிரண்டு வருடம் என்று யோசிக்கும் எனக்கு இதில் சந்தேகமே வரவில்லை.

நான்கு சிலிண்டர் கே15 எஞ்சின், ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர், நாற்காலி வைக்க டிக்கி என்று சேர்த்ததும் பிரெஸ்ஸா, கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், 2025 செப்டம்பரில் வந்த மாருதி விக்டோரிஸ் ஆகிய நான்குதான் மிஞ்சின. பிரெஸ்ஸாவின் டிக்கி 328 லிட்டர், கொஞ்சம் நெருக்கம். விக்டோரிஸ், நம் நாட்டு மோதல் சோதனையான பாரத் என்கேப்பிலும் குளோபல் என்கேப்பிலும் 5 நட்சத்திரம் வாங்கியதைப் பார்த்ததும் என் பட்டியல் சுருங்கிவிட்டது. சென்னை பெங்களூர் சாலையில் லாரிகளுக்கு நடுவில் மகளை உட்கார வைத்து ஓட்டுகிறவனுக்கு அது சின்ன விஷயமே இல்லை. வாலாஜா தாண்டினால் ஆறு வழி வேலையில் எந்த இடத்தில் பாதை திரும்பும் என்றே தெரியாது.

புதிதாக வந்த மாடலை முதல் வருடமே வாங்கக் கூடாது என்பது நான் இத்தனை நாள் பிடித்துவைத்திருந்த கொள்கை. இங்கே கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன். உடம்புதான் புதிது, எஞ்சினும் கியரும் வருடக்கணக்காக ஓடி நிரூபித்தவை. இருந்தாலும் ஆறு மாதம் பொறுத்திருந்தேன்.

குறையும் சொல்ல வேண்டும். 103 குதிரைத்திறன் இந்த உடம்புக்குக் குறைவு. ஆம்பூர் மச்சானிடம் இதே எஞ்சின், இதே கியரோடு கிராண்ட் விட்டாரா இருக்கிறது. ஐந்து பேர், ஏசி போட்டு ஏலகிரி ஏறினோம். 14 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி எங்கும் நிற்கவில்லை, ஆனால் ஒவ்வொரு வளைவு தாண்டியதும் எஞ்சின் சத்தமாக இரைந்தது. "மாமா, இதுக்கு அவசரமே தெரியாது" என்றான் மச்சான் மகன். நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போதும் முன்கூட்டியே யோசித்துத்தான் முந்த வேண்டும். வேகம் பிடித்தவர்களுக்கு இது எரிச்சல் தரும். அவர்கள் டர்போ பக்கம் போவதே நல்லது.

நம் ஊருக்கென்று சில

எந்த வண்டி எடுத்தாலும், நடுத்தர வகையை எடுங்கள். உச்ச வகையில் வரும் பெரிய சக்கரத்துக்கு டயர் விலை அதிகம், பக்கச்சுவர் மெலிது. பன்னிரண்டு வருடத்தில் குறைந்தது இரண்டு தடவை நாலு டயரும் மாற்றப் போகிறோம். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம், எந்த வாரம் எந்த வருடம் செய்தது என்பதைக் காட்டும். 2325 என்றால் 2025இன் 23ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரோடு மே மாதம் நெடுஞ்சாலையில் போகாதீர்கள்.

சன்ரூஃப் வேண்டாம் என்பேன். கண்ணாடிக் கூரை நம் வெயிலில் ஏசிக்குக் கூடுதல் சுமை. அதன் ஓரத்தில் மழைநீர் வடிய மெல்லிய குழாய்கள் உண்டு. ஏழெட்டு வருடத்தில் தூசி அடைத்து, தண்ணீர் உள்ளே கூரைத் துணியில் இறங்கும்.

ரேடியேட்டரில் போர்த் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். பாலாற்றில் கலந்த தோல் கழிவுக்காக வேலூர் மக்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வாங்கினார்கள். அந்த ஆற்றங்கரை நிலத்தடி நீர் எவ்வளவு உப்பு என்பது நம் வீட்டுக் குழாயில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். கம்பெனி சொல்லும் கலந்த கூலண்ட் மட்டும் போதும். காரைக் கழுவினால் உடனே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக உப்புப் பிடித்து அப்புறம் போகாது.

எலி. எங்கள் தெருவில் நாலு காருக்கு ஒயர் கடித்திருக்கிறது. இரவில் பானெட்டைத் திறந்து வைப்பதும், அடியில் வலை அடிப்பதும் பலனளிக்கிறது. இன்ஷூரன்சில் இதற்கு இழப்பீடு உண்டா என்று வாங்கும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்கு சாதாரண பாலிசியில் பாதிதான் தருவார்கள் என்பதால் முதல் ஐந்து வருடம், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி எடுப்பது நல்லது. நீட்டிக்கப்பட்ட வாரண்டியை முழுக்க எடுத்தேன்; ஆட்டோமேட்டிக் கியருக்கு அது தேவை.

கடைசியாக அம்மாவைத்தான் கேட்டோம். க்ரெட்டா, எலிவேட், விக்டோரிஸ் மூன்றிலும் ஏறி இறங்கச் சொன்னேன். எந்த வண்டியில் கையை எங்கேயும் ஊன்றாமல் உட்கார முடிந்தது என்று மட்டும் பார்த்தேன். எலிவேட்டும் விக்டோரிசும் ஏறக்குறைய ஒன்றுதான். க்ரெட்டாவில் கொஞ்சம் சரிந்து உட்கார வேண்டியிருந்தது. "வெள்ளை இருந்தா சொல்லு, சூடு ஏறாது" என்றார். வீட்டு கேட்டை டேப் வைத்து அளந்தேன், எட்டு அடி. வண்டி 1,795 மில்லிமீட்டர் அகலம். கண்ணாடிகளை மடிக்காமலே நுழையும், ஆனால் தெருவிலிருந்து திரும்பும் இடத்தில் இருந்த துளசி மாடத்தை ஒன்றரை அடி தள்ளி வைத்தோம். விக்டோரிஸ், பெட்ரோல், ஆட்டோமேட்டிக், நடுத்தர வகை, வெள்ளை. மே 4 கத்திரி தொடங்குவதற்கு முன் வண்டி வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் ஆஸ்பத்திரி நாள் 11ஆம் தேதி.